சென்னை எங்கே தொடங்குகிறது?

கோவில்பட்டியிலிருந்து வந்த ரயிலை விட்டுத் தாம்பரத்தில் இறங்கியதும் மனைவிக்கு போன் போட்டு, “சென்னை வந்தாச்சு” என்று சொல்லிவிட்டேன். இப்போது எழும்பூர் போகும் மின்சார ரயிலுக்காக பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே புவியியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் நான் பேச வேண்டும். தலைப்பு, ‘ஒரு நகரம் எங்கே தொடங்குகிறது?’

பக்கத்தில் கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க ஒரு பெண் போனில் பேசுகிறார். “அத்தை, தங்கச்சியப் பாக்க வர்றவங்ககிட்ட நாங்க சென்னைன்னே சொல்லுங்க.” அதை வைத்ததும் இன்னொரு அழைப்பு. “சார், இன்னும் சென்னைக்குள்ளயே வரல சார். தாம்பரத்துலதான் நிக்கறேன்.”

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “ஏம்மா, தாம்பரம் சென்னைக்கு உள்ளயா, வெளியவா?”

“கேக்கறவங்களப் பொறுத்தது சார். கல்யாணப் பேச்சுன்னா உள்ள. ஆபீஸுக்கு லேட்டுன்னா வெளிய.”

“உங்க வீடு எங்க?”

“முடிச்சூர்.”

“அது உள்ளயா, வெளியவா?”

“மழை பெஞ்சா அது தனித் தீவு சார்!” என்று சிரிக்கிறார்.

நகர எல்லையைப் பல வருடமாகக் கரும்பலகையில் அழுத்தமாக வரைந்து காட்டுகிறவன் நான். பதில் யோசிப்பதற்குள் என் போன் அடிக்கிறது. கூட்டம் நடத்துகிறவர்.

“சார், சென்னை வந்துட்டீங்களா?”

சூடான மெதுவடைக்காக இரண்டு ரயிலைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.

“இன்னும் சென்னைக்குள்ள வரல சார். தாம்பரத்துலதான் நிக்கேன்.”

அந்தப் பெண் என் முகத்துக்கு நேராக, விரலால் காற்றில் பெரிதாக ஒரு டிக் போடுகிறார்.