காலையில் கிரே கலருக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கு

வடலூரில் நாங்கள் கட்டும் வீட்டு ஹாலுக்கு, சுவரில் இடதும் வலதுமாக அடித்துப் பார்த்த இரண்டு கிரேயில் எது நன்றாக இருக்கும் என்று காலையில் இங்கே போட்டோ போட்டிருந்தேன். பெரும்பாலானவர்கள் இடது பக்கம்தான் அழகு என்றீர்கள். நானும் அதையேதான் சொன்னேன்.

நைட் ஷிஃப்ட் முடித்து நேராக அங்கே வந்த என் கணவர், "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார்.

"மைன்ஸ்ல கரியையே பாத்துப் பாத்து உங்களுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு" என்றேன். அதுவும் பெயின்டர் முன்னால். கணவர் குவார்ட்டர்ஸுக்குத் தூங்கப் போய்விட்டார்.

மதியம் போய்ப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. பெயின்டரிடம் கேட்டேன்.

"ரெண்டாவது டப்பா இன்னும் கடையிலேர்ந்து வரலைங்க. இடது பக்கம் விரிசலுக்குப் பட்டி பாத்துட்டு, இதே பெயின்ட்டத்தான் காலையில தொட்டு வுட்டேன். அப்ப ஈரமா இருந்துச்சு, அதான் வேற கலரா தெரிஞ்சுது."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"நீங்க சாரைத் திட்டிகினு இருந்தீங்க. நடுவுல எப்படிங்க சொல்றது?"

கணவர் இன்னும் தூங்குகிறார். எழுந்ததும் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று யாராவது சொல்லுங்கள். வலது பக்கத்துக்கு ஓட்டுப் போட்டவர்கள் மட்டும் சிரிக்க வேண்டாம், அதுவும் அதே டப்பாதான்.