வீட்டுக்காரருக்கும் சொல்லாத குரல்

"டெல்லி டிராஃபிக்ல நீ கார் ஓட்டப் போறியா?" என்று என் கணவர் சிரித்ததால், அவருக்குத் தெரியாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். அங்கே போன் செய்தால் தானியங்கிக் குரல்தான் பேசும். வகுப்பு நேரத்தையும் அதுவே ஒதுக்கும். யாராவது கேட்டால் உளறிவிடுமோ என்று எனக்குப் பயம்.

லைசென்ஸ் கைக்கு வந்த வாரம், என் போனில் தெரியாத எண்ணிலிருந்து மிஸ்டு கால் வந்திருந்ததைப் பார்த்த கணவர், தன் போனிலிருந்து அந்த எண்ணை அழைத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"வணக்கம், டிரைவிங் ஸ்கூல்" என்றது குரல்.

அவர் என்னைப் பார்த்தார். "என் மனைவி அங்க கத்துக்கறாளா?"

"மன்னிக்கவும். பதிவு செய்தவரிடம் மட்டுமே சொல்ல முடியும்."

"மேடம், நான் அவ வீட்டுக்காரர்."

"மன்னிக்கவும்" என்று அதே பொறுமையோடு மறுபடி தொடங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அதுகிட்ட எதுக்குக் கெஞ்சறீங்க? ஆமா, கத்துக்கிட்டேன். லைசென்ஸும் வந்தாச்சு. சாவியக் குடுங்க."

நாங்கள் இருக்கும் கிட்வாய் நகரை ஒரு சுற்று வந்தோம். சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தவர், இறங்கும்போது சொன்னார்: "அச்சா, நாளைக்கு ஆபீஸுக்கு நீயே விட்டுடு."

லைசென்ஸ் வாங்கியதை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நானே சொன்ன சந்தோஷத்தை, முகமே இல்லாத அந்தக் குரல்தான் எனக்காக விட்டுவைத்தது.