சத்தம் போடாத புளோயர்

கழிவுநீர் நிலையங்களைப் புதுப்பிக்கும் எங்கள் தொழிலில் மூக்கு சீக்கிரம் மரத்துப்போகும், கோபம்தான் மரத்துப்போவதில்லை. இதே பிழைப்பில் இருக்கும் நண்பர்களே, இராஜபாளையத்துக்கு வெளியே ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் நான் பட்டதைச் சொல்கிறேன். நீங்கள் பட்டதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பழைய மிஷின்

துணியை வெளுத்த தண்ணீர் அங்கே ஒரு தொட்டிக்கு வரும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதிலுள்ள அழுக்கைத் தின்னும். அவை மூச்சுவிட, அடியிலிருந்து காற்று ஊத வேண்டும். ஊதுகிற புளோயர் அரதப் பழசு, கரண்டைக் குடித்தது. அதனால் அதிகாரிகள் சோதனைக்கு வரும் நாளில் மட்டுமே அதை நாள் முழுக்க ஓட்டினார்கள், மற்ற நாள்களில் அடிக்கடி நிறுத்தினார்கள். அப்போதெல்லாம் தண்ணீர் அப்படியே ஓடைக்குப் போய், பக்கத்துத் தோப்புக்காரர் வேலம்மாளின் கிணற்றில் ஊறியது. மாடுகூட அதில் வாய் வைக்கவில்லை.

பாதிக் கரண்டில், சத்தமே இல்லாமல் ஓடும் புது புளோயர் மாட்டலாம், ஆனால் நிறுத்தவே கூடாது என்றேன். முதலாளி நெஞ்சில் கை வைத்தார். "கரண்டு கம்மியா இழுத்தா நான் ஏன் தம்பி நிறுத்தப் போறேன்? குலசாமி மேல சத்தியம்."

வெள்ளை

புதுசை மாட்டி, வேறொரு நிலையத்திலிருந்து நுண்ணுயிர்ச் சேற்றைக் கொண்டுவந்து விட்டு வளர்த்தோம். தொட்டி நல்ல பழுப்பு நிறத்துக்கு வந்தது. எங்களுக்கு அதுதான் ஆரோக்கியம்.

அடுத்த முறை போனால் தொட்டி வெளுத்துக் கிடக்கிறது. நெடி கண்ணைக் கரிக்கிறது. வெளியூர் வியாபாரி பார்க்க வருகிறார் என்று மூட்டை மூட்டையாகப் பிளீச்சிங் பவுடரைக் கொட்டியிருந்தார்கள். ஓர் உயிர் மிஞ்சவில்லை. கத்தித் தீர்த்தேன். சூப்பர்வைசர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "புண்ணுக்குக் கட்டுற துணி செய்யிற எடம் சார். தொட்டிய அழுக்கா வச்சிருந்தா வாரவுக என்ன நெனப்பாக?"

மிச்சம்

மறுபடி வளர்த்தோம். கிணற்றில் நாற்றம் குறையத் தொடங்கியது. கரண்டு பில்லும் இறங்கியது. முதலாளி ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கிக் கொடுத்தார்.

அந்த இனிப்பு வயிற்றில் செரிப்பதற்குள் தொட்டி கறுத்து நாறியது. புளோயரைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. முதலாளிக்கு வெட்கமே இல்லை. "ஓடும்போதே அம்புட்டு மிச்சம்னா, நிறுத்திப் போட்டா எம்புட்டு மிச்சமாகும்னு பாத்தேன் தம்பி."

காது

வேலம்மாள் என்னை ஓடைக்கரையில் மறித்தார். முதலாளி மேல் எனக்கிருந்த கோபத்தை அவரிடம் கொட்டலாம் என்று வாயெடுத்தேன். அவர் கோபமோ என் மேல்தான். "பழச நிறுத்துனா சத்தம் அடங்கிரும், அடுத்த நிமிசம் வாசல்ல போயி நின்னு வைவேன். இந்தச் சனியன் ஓடுதா, செத்துக் கெடக்கான்னே தெரியல. யாருக்கு வசதி பண்ணிக் குடுத்துட்டுப் போறீக?"



விளக்கு

கம்பெனி மதிலில், வேலம்மாள் வீட்டைப் பார்த்தாற்போல் ஒரு பச்சை விளக்கு மாட்டினேன். புளோயர் ஓடினால் எரியும், நின்றால் அணையும். அணைந்தபோதெல்லாம் வேலம்மாள் கம்பெனிக்குப் போன் போட்டு வறுத்தெடுத்தார். அது போதும் என்று நினைத்தேன்.

முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். குரலில் அவ்வளவு பணிவு. "அந்தம்மா தொல்லை தாங்கல தம்பி. லைட்டு மட்டும் எப்பவும் எரியிற மாதிரி மாத்திக் குடுத்திருங்க. சின்ன லைட்டுதான, கரண்டு ஒண்ணும் இழுக்காது."

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் மிஷின்களை நாங்கள் ஊர் ஊராக மாட்டிக்கொண்டே போகிறோம் நண்பர்களே, வேலம்மாள் கிணறு இருந்தும் இன்னும் லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கிறார்.