க்யூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ

எனக்குப் பொறுமை கிடையாது. இதைத் தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை. கல்யாணமான இரண்டாம் நாளே என் மனைவி கண்டுபிடித்துச் சொன்னது. பாகூரைச் சுற்றி வீடு வீடாகப் போய் இன்வெர்ட்டர் பழுது பார்ப்பது என் பிழைப்பு. ஒரு வீட்டில் வேலை முடிவதற்குள் அடுத்த வீட்டுக்குப் போன் போட்டு, கிளம்பிவிட்டேன் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான் செத்துப்போன ஒரு கம்ப்யூட்டரைத் திரும்ப ஓட வைப்பதற்காக ஒன்றரை வருடம் குனிந்து உட்கார்ந்தேன் என்றால் ஆசை மட்டும் காரணமில்லை. அக்காவிடம் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வெறுங்கையோடு போய் ஒப்புக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.

பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் பக்கம் அவர்களைச் சொல்தா என்பார்கள். ஒரு தடவை ஊருக்கு வந்தபோது, பிரான்சில் ஏதோ பள்ளிக்கூடத்தில் கழித்துவிட்ட கம்ப்யூட்டர் ஒன்றை, அதற்கான சின்ன டிவியோடும் கேசட் பெட்டியோடும் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். மொத்தக் கம்ப்யூட்டரும் அந்த விசைப்பலகைக்குள்ளேயே அடக்கம். நிறுத்தினால் எல்லாம் மறந்துவிடும். எழுதிய நிரலை வைத்துக்கொள்ள வேண்டுமானால் பாட்டுக் கேசட்டில்தான் பதிவு செய்ய வேண்டும்.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. அக்கா ப்ளஸ் டூ முடித்துவிட்டு வில்லியனூரில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தாள். லோயர் பரீட்சை பாஸ் செய்துவிட்டால் கிளார்க் வேலைக்கு எழுதிப் போடலாம்; வீட்டில் எல்லோருடைய பேச்சும் அதுதான். ஆனால் வாரத்தில் மூன்று நாள்தான் வகுப்பு, அதுவும் ஒரு மணி நேரம். வீட்டில் பழக மெஷின் இல்லை. வகுப்பு நடத்தியவர் பெரியப்பாவின் பெட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதைக் கொடுத்தால் பழைய டைப்ரைட்டர் ஒன்றைத் தருகிறேன் என்று அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்.

எனக்கு உயிரே போய்விட்டது. அந்தப் பெட்டியில் அப்போதுதான் ஒரு பந்தைத் திரையில் ஓட விட்டிருந்தேன். அப்பாவிடம் போய், "எதுக்குப்பா மாத்தணும்? இதுலயும் அதே எழுத்துதான இருக்குது. அக்கா இதுலயே பழகட்டும்" என்றேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. என் முகத்தைப் பார்த்தார், நம்பினார். பெட்டி வீட்டிலேயே தங்கிவிட்டது.

ஆனால் அதே எழுத்து இல்லை. எழுத்துகள் இருந்தன, இடம் மாறியிருந்தது. பிரெஞ்சுக்காரர்களின் விசைப்பலகையில் க்யூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருக்கும். டபிள்யூ இருக்க வேண்டிய இடத்தில் இசட். எம் கீழ் வரிசையில் இருக்காமல் நடு வரிசையின் கடைசிக்கு ஏறியிருக்கும். எனக்கு இது தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அக்கா ஆறு மாதம் அந்தப் பெட்டியில்தான் பழகினாள். பரீட்சை எழுதினாள், ஃபெயிலானாள். "அந்தச் சீமைப் பொட்டிதான் பொண்ணு கைய கெடுத்துடுச்சி" என்று அப்பா அதைத் தூக்கிப் பரணில் போட்டார். அக்கா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த பரீட்சைக்குள் அவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. இப்போது வில்லியனூரில் மாமாவும் அவளும் மாவு மில் வைத்திருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு மெஷின் முன்னால் நின்றால் மாலை வரை நிற்கிறாள். மாவு படிந்த அவள் புருவத்தைப் பார்க்கும்போதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டியவளை நிற்க வைத்தது நான் என்ற எண்ணம் வரும். அதனாலேயே அவள் வீட்டுக்குப் போனால் ஒரு டீ குடிக்கும் நேரத்துக்கு மேல் தங்க மாட்டேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் பழைய வீட்டுக் கூரையைப் பிரித்தபோது பெட்டி கீழே வந்தது. துடைத்து மின்சாரம் கொடுத்தேன், அசையவில்லை. உள்ளே ஒரு சிப் இறந்திருந்தது. அந்தச் சிப்பை இப்போது உலகத்தில் யாரும் செய்வதில்லை.

இணையத்தில் தேடினால், பிரான்சில் என்னைப் போலவே கிறுக்குப் பிடித்தவர்கள் ஒரு கூட்டம் இருக்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டரின் உள்நினைவை அப்படியே நகலெடுத்து, இன்றைய லேப்டாப்பைப் பழைய கம்ப்யூட்டராக நடிக்க வைக்கும் மென்பொருள் எழுதியிருந்தார்கள். பத்து நிமிடத்தில் லேப்டாப் திரையில் அந்தப் பழைய எழுத்துகள் வந்தன. சந்தோஷம் ஒரு வாரம்தான் நின்றது. லேப்டாப் விசையைத் தட்டி அக்காவிடம் என்ன சொல்வது? அவள் விரல் பட்ட அந்த விசைப்பலகையே வேலை செய்ய வேண்டும் என்று மனசு அரித்தது.

அதற்கும் அவர்களிடம் வழி இருந்தது. ஒரு தினுசு சிப் உண்டு. எந்தச் சிப்பாக நடி என்று எழுதி ஏற்றுகிறோமோ அதுவாகவே நடிக்கும். அதை வைத்துப் பழைய கம்ப்யூட்டரின் மூளையை ஒரு புதுச் சர்க்யூட் பலகையில் வரைந்திருந்தார்கள். வரைபடத்தை வாங்கி, பலகையைச் செய்து வரவழைத்து, நானே ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன். மூன்று முறை தப்பாக வைத்தேன், எல்லாம் அவசரம். ஒரு முறை கோபத்தில் பற்றவைக்கும் கோலையே சுவரில் எறிந்தேன். "பொறுமையா உக்காந்து செய்ய முடியலன்னா எதுக்கு இந்த வேல?" என்று மனைவி கேட்டாள். கோலைத் தேடி எடுத்தேன். கடைசியில் பழைய விசைப்பலகை புதுப் பலகையோடு பேசியது. வேகம்கூட அச்சு அசல். அந்தக் காலத்தில் ஒரு எழுத்துக்கு எவ்வளவு நேரம் எடுத்ததோ அதே நேரம். எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

மிச்சம் இருந்தது ஒரு கேசட். பெட்டியோடு பரணில் கிடந்தது, மேலே அக்காவின் கையெழுத்தில் டைப் என்று எழுதியிருந்தது. நாடாவில் பூஞ்சை பூத்திருந்தது. பஞ்சால் துடைத்துத் துடைத்துக் கையாலேயே சுற்றினேன். டேப் ரிக்கார்டரில் ஓட விட்டு, அந்தக் கீச்சுச் சத்தத்தை லேப்டாப்பில் பதிவு செய்து, சத்தத்தை எழுத்தாக மாற்றும் நிரலுக்குக் கொடுத்தேன். முதலில் பாதிதான் வந்தது. ரிக்கார்டரில் நாடாவைப் படிக்கும் தலைப்பகுதியின் திருகை ஒரு இம்மி திருப்பினேன். நாலாவது தடவை முழுசாக வந்துவிட்டது.

ஏதாவது விளையாட்டாக இருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தேன். முதல் வரியில், ஆங்கில எழுத்தில், தம்பி கை வைக்காதே என்று இருந்தது. சிரித்துக்கொண்டே அடுத்த வரிகளைப் படித்தேன். ஏ விசையைத் தட்டினால் திரையில் க்யூ போடு. இசட் தட்டினால் டபிள்யூ போடு. இருபத்தாறு எழுத்துக்கும் இருந்தது. வரி முடியப் போகும்போது டைப்ரைட்டரில் மணி அடிக்குமே, அதற்குக்கூட ஒரு சத்தம் வைத்திருந்தாள்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நான் ஒன்றரை வருடம் ஊரார் எழுதியதை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிச் செய்த வேலையை, பதினெட்டு வயதில் யாரும் சொல்லித்தராமல் அவள் செய்திருக்கிறாள். பிரெஞ்சுப் பெட்டியை டைப்ரைட்டராக நடிக்க வைத்திருக்கிறாள். அப்படியென்றால் எழுத்து மாறியிருந்தது அவளுக்குத் தெரியும். அப்புறம் எப்படி ஃபெயிலானாள்?

அன்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தவன் எழுந்துவிட்டேன். விசைப்பலகையைப் போர்வையில் சுற்றி வண்டியில் கட்டினேன். "அத எடுத்துனு போனா உங்க அக்கா அதாலயே உங்கள அடிப்பாங்க" என்றாள் மனைவி. கரிக்கலாம்பாக்கம் தாண்டி, மங்கலம் வழியாக எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை.

ஞாயிறு மத்தியானம் மில் கிடையாது. மாமா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா கூடத்தில் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். போர்வையைப் பிரித்ததும் அவள் கை நின்றது.

"இன்னாடா இது? எதுக்கு வூட்டுக்குள்ள எடுத்துனு வந்த?"

"ஓடுதுக்கா."

"ஓடட்டும். எனக்கு இன்னாத்துக்கு?"

நான் அவர்கள் வீட்டு டிவியில் இணைத்து அவளுடைய நிரலை ஏற்றினேன். திரையில் அது வந்து நின்றதும் அக்கா காம்பு கிள்ளுவதை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். உட்காரச் சொன்னாள். என்னால் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே கொட்டிவிட்டேன். "அப்பா கிட்ட நான்தான் பொய் சொன்னேன்கா. எழுத்து மாறி இருக்குன்னு எனக்குத் தெரியும். பொட்டிய குடுத்துடுவாரேன்னு சொன்னேன்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கு மொத நாளே தெரியும். கண்ணு இல்லயா எனக்கு?"

"பின்ன ஏன் அப்பா கிட்ட சொல்லல?"

"சொன்னா தூக்கிக் குடுத்துட்டிருப்பாரு. எனக்கும் அது வேணும்டா. உனக்கு மட்டுந்தான் ஆசயா?"

"அப்புறம் எப்படிக்கா ஃபெயிலான?"

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு விசைப்பலகையின் முன் உட்கார்ந்தாள். விரல்களை வைத்து ஒரு வரியை வேகமாக அடித்தாள். திரையில் பாதி எழுத்துகள்தான் வந்தன. மற்றவற்றை அந்தப் பெட்டி விழுங்கிவிட்டது. பிறகு மெதுவாக, ஒரு எழுத்து விழுந்ததைப் பார்த்தபின் அடுத்தது என்று அடித்தாள். எல்லாம் வந்தன.

"பாத்தியா? ஒவ்வொரு எழுத்தையும் மாத்திப் போட அதுக்கு நேரமாவுது. அது போட்டாதான் நான் அடுத்தது அடிக்க முடியும். ஆறு மாசம் அதுக்காக நின்னு நின்னு அடிச்சி, என் கை அதோட வேகத்துக்குப் பழகிடுச்சி. பரிச்சையில ஒரு தப்பு கூட இல்லடா. பாதி பக்கம் வரும்போது மணி அடிச்சிட்டாங்க."

"இத யார் கிட்டயும் சொல்லலியே?"

"நானே எழுதி நானே கெட்டேன்னு எப்படி சொல்றது? அப்பா பொட்டி மேல பழி போட்டாரு. நானும் போட்டுக்கட்டும்னு விட்டுட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் இந்த வீட்டு வாசலில் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் திரும்பியிருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கத்த வாயெடுத்தேன். நானும்தான் அத்தனை வருடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு ஒருவழியாகத் தரையில் உட்கார்ந்தேன். நிம்மதியாகவும் இருந்தது, அந்த நிம்மதி வெட்கமாகவும் இருந்தது.

அக்கா திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "இத வேகமாக்க முடியாதா?"

அந்தப் புதுப் பலகையின் பின்பக்கம் அதற்கென்றே ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் பழைய மூளை பல மடங்கு வேகத்தில் ஓடும். நான் அதைத் தொட்டதே இல்லை. பழசைப் பழசாகவே காப்பாற்ற வேண்டும், வேகத்தை மாற்றினால் அது வேறு இயந்திரம் என்று பிரான்சுக்காரர்களோடு நாள் கணக்காக வாதாடியவன் நான். அக்காவிடம் அந்த வாதத்தை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. பட்டனை அமுக்கினேன்.

அவள் அடித்தாள். முதலில் பழைய பழக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் நின்று அடித்தாள். எழுத்து உடனே வந்து விழுந்ததைப் பார்த்துப் புருவம் சுருக்கினாள். இன்னும் கொஞ்சம் வேகம். பிறகு வேகம். மில்லில் நின்று தடித்துப்போன விரல்கள் தடுமாறாமல் போயின. பெட்டி ஒரு எழுத்தைக்கூட விழுங்கவில்லை. வரி முடியும்போது அவள் வைத்த சத்தம் அடித்தது, அடுத்த வரி, மறுபடி சத்தம். பக்கத்தின் பாதியைத் தாண்டி ஏழெட்டு வரி போனபின் நிறுத்தினாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு பட்டன்தானாடா?" என்றாள்.

"ஆமாக்கா" என்றேன். அவள் அழுதாள். எழுந்து போகாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.