கொண்டை ஊசி வளைவில் ஒரு காதுகுத்து

மலைமேல் தேவனூர் நாடு எனும் ஊர்த்தொகுதியில் இருக்கும் என் தங்கை, தன் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தாள். தாய்மாமனான நான் கம்மலோடு, மனைவியுடன் எங்கள் பழைய எஸ்.யு.வி.யில் மலையேறினேன். பாதி வழியில், ஒரு கொண்டை ஊசி வளைவில், பானெட்டிலிருந்து குபுகுபுவென ஆவி கிளம்பியது. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கொட்டிக்கொண்டிருந்தது. பதற்றத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன்.

"ஏனுங்க, கையை எடுங்க! கொதிக்கிற தண்ணி மூஞ்சியில அடிச்சிரும்!" என்று மனைவி என்னைப் பின்னால் இழுத்தாள்.

நல்ல நேரத்துக்குள் போய்ச் சேர முடியாது. தங்கைக்கு போன் செய்து, "நீங்களே குத்திருங்க, கண்ணு" என்றேன்.

"தாய்மாமன் மடியில்லாமயா? நாங்க இறங்கி வாரோம்ணா!"

ஆசாரியோடு மொத்தச் சொந்தமும் வேனில் வந்து இறங்கியது. வளைவை ஒட்டிய மர நிழலில், என் மடியிலேயே காது குத்தினார்கள். போன பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்ததில் குழந்தை அழவே மறந்துவிட்டாள்.

இப்போதெல்லாம் மலையேறும் முன், இன்ஜின் ஆறியிருக்கும்போதே கூலன்டையும் ஹோஸையும் பார்த்துவிடுகிறேன். சூடான வண்டியின் மூடியைத் தொடுவதே இல்லை. தங்கைக்கோ, அடுத்த குழந்தைக்கும் அங்கேதான் குத்த வேண்டுமாம், இடம் ராசியாம்!