நான் போட்டு வைத்த செட்டிங்

பெங்களூர் பீன்யாவில் பம்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நானும் என் கணவரும் ஒரே டிரில்லிங் மெஷினில்தான் வேலை செய்தோம். காலை ஷிப்ட் எனக்கு, மதிய ஷிப்ட் அவருக்கு. மெஷினும் ஒன்று, வேலையும் ஒன்று, சம்பளம் மட்டும் வேறு. அவர் ஆபரேட்டர், நான் ஹெல்பர். யாருக்கு ஹெல்ப் பண்ணினேன் என்று கேட்டுவிடாதீர்கள், காலை முழுக்க அந்த மெஷின் பக்கம் என்னைத் தவிர ஒரு ஈ காக்கா இருக்காது.

அந்த வேலையில் கஷ்டம் துளை போடுவதில் இல்லை, செட்டிங்கில் இருக்கிறது. பாகத்தை மெஷின் மேசையில் எப்படிப் பிடித்து வைப்பது, துளை எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதையெல்லாம் முதலிலேயே சரிபார்த்து இறுக்கிவிட வேண்டும். அது பிசகினால் அன்றைக்குப் போட்டதெல்லாம் பழைய இரும்புக்குத்தான் போகும். பேக்கிங்கிலிருந்து மெஷினுக்கு வந்த என் கணவருக்குச் செட்டிங் கைவரவில்லை. அதனால் என் ஷிப்ட் முடியும்போது மெஷினைத் துடைத்து, அவருடைய வேலைக்கான செட்டிங்கையும் நானே போட்டு வைப்பேன். காலையில் வீட்டில் அவருக்குச் சோறு ஆக்கி மூடி வைப்பது மாதிரித்தான் இதுவும். ஆசையாகத்தான் செய்தேன்.

எனக்கும் ஆபரேட்டர் கிரேடு கேட்கலாம் என்று தோன்றியபோது முதலில் அவரிடம்தான் சொன்னேன்.

"தாராளமா கேளு. நான் இருக்கேன்ல?" என்றார்.

அந்தத் தைரியத்தில், ஷிப்ட் மாறும் நேரத்தில் அவரையும் அழைத்துக்கொண்டு சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றேன். கன்னடக்காரர், எங்களிடம் தமிழில்தான் பேசுவார்.

"செட்டிங் தெரிஞ்சாதாம்மா ஆபரேட்டர்" என்றார்.

"தெரியும் சார். ரெண்டு ஷிப்டுக்கும் நான்தான் போடறேன். இவரையே கேளுங்க."

என் கணவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "இல்ல சார், செட்டிங் நான்தான் போடறது. மறுநாள் காலைக்கும் போட்டு வெச்சிட்டுத்தான் வருவேன். அவ பட்டன் அழுத்துவா, அவ்ளோதான்" என்றார்.

கம்பெனி ஏமாற்றியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பக்கத்தில் நிற்கட்டும் என்று நானே கூட்டிப்போன ஆள் காலை வாரிவிட்டால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

மறுநாள் காலை டீயை வைத்துவிட்டு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நீயும் ஆபரேட்டர்னா அங்க என்னை எவன் மதிப்பான்? காசு எப்படியும் ஒரே வூட்டுக்குத்தானே வருது?" என்றார். சொல்லிவிட்டு டீயில் சர்க்கரை குறைவு என்றார்.

அன்று என் ஷிப்ட் முடிந்ததும் போட்டிருந்த செட்டிங்கை முழுக்கக் கழற்றினேன். மெஷினைப் பளிச்சென்று துடைத்தேன். மதியம் வந்தவர் வெறும் மேசையைப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"ஏய், செட்டிங் எங்க?"

"நீங்கதானே போடுவீங்க."

"விளையாடாத. போட்டுக் குடு, வூட்ல பேசிக்கலாம்."

சூப்பர்வைசர் அந்தப் பக்கமாக வந்தார். "சார், ஆபரேட்டர் வந்துட்டாரு. ஹெல்பர் கிளம்பறேன்" என்று அவர் காதில் விழும்படி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஸ்ரீராம்புரத்து வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். ஜெயித்த மாதிரி கொஞ்சமும் இல்லை.

அன்றைய மதிய ஷிப்டில் போட்டது மொத்தமும் வீண். மறுநாள் சூப்பர்வைசர் என்னை அழைத்துத் தன் கண்ணெதிரே செட்டிங் போடச் சொன்னார். போட்டேன். அடுத்த மாதமே கிரேடு வந்தது, என் கணவருக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம்.

கிரேடு வந்த அன்று அவர் ஒரு பெரிய டப்பா மைசூர்பாக்கோடு ஷிப்டுக்கு வந்தார். ஒவ்வொரு மெஷினாகப் போய்க் கொடுத்தார். "என் வொய்ஃப் ஆபரேட்டர் ஆயிட்டா. எல்லாம் நான் கத்துக் குடுத்ததுதான்" என்று அவர் சொல்வது என் இடம் வரைக்கும் கேட்டது. எல்லோரும் அவருக்குக் கை கொடுத்தார்கள்.

கடைசியில் என்னிடம் வந்து டப்பாவை நீட்டினார். ஒரு துண்டை எடுத்துக்கொண்டேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே மறுகையால் மெஷினைத் துடைத்து, மேசையை வெறுமையாக விட்டுவிட்டுக் கிளம்பினேன்.