முதல் காரை லீசுக்கு எடுத்தவன்

டாக்ஸி ஓட்டுவது பாதிக்குப் பாதி காதால் செய்கிற வேலை. கண்ணும் காலும் ரோட்டைக் கவனித்துக்கொள்ளும், காது பின் சீட்டிலேயே கிடக்கும்.

ராஜபாளையத்தில் நான் கொஞ்ச காலம் ஆக்டிங் டிரைவராக இருந்தேன். கல்யாணமோ துக்கமோ, கூப்பிட்டவர்கள் வீட்டுக்குப் போய் அவர்கள் காரை ஓட்டிவிட்டு, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, டவுன் பஸ் ஏறி வீட்டுக்கு வருவேன். இப்படியே போனதில் நமக்கென்று ஒரு வண்டி வேண்டும் என்று தோன்றிவிட்டது. கடன் போட்டு வாங்குவதா, லீசுக்கு எடுத்து ஓட்டுவதா? இந்தக் கேள்வியில் அகப்பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "சொந்தமா வாங்கிரு" என்று சொன்னவர்கள் எல்லாரும் லீசுக்கு ஓட்டி நொந்தவர்கள். "லீசுக்கு எடு" என்றவர்கள் எல்லாரும் வாங்கிவிட்டுத் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள். இரண்டு கட்சிக்கும் டீ வாங்கிக் கொடுத்ததுதான் மிச்சம்.

எங்கள் தாத்தா கதை சொன்னால், ராஜா வருவதற்கு முன்னால் குதிரையைப் பற்றியே அரை மணி நேரம் சொல்வார். எனக்கும் அந்தப் பழக்கம் கொஞ்சம் உண்டு. அதனால் வண்டி வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அட்வான்சுக்குப் பதில்

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஜெயந்தி அக்கா வீடு. அவர் வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டலாம் என்று மஞ்சள் போர்டு போட்டு ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். புது வண்டி வாசம் போவதற்குள் மஸ்கட்டில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டார். அக்கா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மடிக்கிற கம்பெனிக்குப் பஸ்ஸில் போய் வந்தார். கார் வீட்டு வாசலில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது.

அப்பாவோடு போய்க் கேட்டேன். மாச வாடகைக்கு அக்கா உடனே சம்மதித்தார். ஒரு வருஷம் ஓட்டுவது, வருஷக் கடைசியில் இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் நானே விலைக்கு எடுத்துக்கொள்வது என்று பேச்சு. அட்வான்ஸ் என்று வந்தபோது அப்பாவும் நானும் தரையைப் பார்த்தோம். அக்காதான் வழி சொன்னார். அட்வான்ஸ் வேண்டாம், அதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடு என்றார். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இதைவிட லாபமான பேரத்தை எங்கள் குடும்பத்தில் யாரும் பேசி முடித்ததில்லை. நான்தான் ஒரு பேச்சுக்கு, "டாக்ஸி ஓட்டப் போறீங்களாக்கா?" என்று கேட்டேன். அக்கா வாயைப் பொத்திச் சிரித்துவிட்டுச் சொன்னார்:

"ஓட்டவா போறேன் தம்பி, சும்மா பழகி வச்சுக்கிறேன்."

வாடகை வீடு

முதல் வாரம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போக ஒரு மளிகைக் கடைக்காரரும் அவர் சம்சாரமும் ஏறினார்கள். அந்தம்மா மடியில் தட்டு நிறையப் பழமும் பூவும். அது சரிந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியைத் தொட்டில் மாதிரி ஏற்றி இறக்கினேன். கடைக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "சொந்த வண்டியா தம்பி?" என்றார். லீசு என்றேன். அப்படியென்றால் என்ன என்றார். முடிந்தவரை சொன்னேன். "அதான பாத்தேன்" என்று ஆரம்பித்தார். "நாங்க காலம்பூரா வாடகை வீடுதான். ஒரு ஆணி அடிக்கணும்னாலும் வீட்டுக்காரரைக் கேக்கணும். நீ ஹாரன் அடிக்கலாமான்னு கேட்டுக்கிட்டியா?"

எனக்கு முகம் சுருங்கியதை அந்தம்மா கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். தட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார்:

"அவரு கெடக்காரு. எங்க பிள்ளைக எல்லாம் வாடகை வீட்டுலதான் பொறந்துச்சு, அதுக என்ன வாடகைப் பிள்ளைகளா? நீ பாட்டுக்கு ஓட்டுய்யா."

ஹர்ஷினி அப்பா

வண்டியின் பின் கண்ணாடியில் 'ஹர்ஷினி' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கும். அக்காவின் மகள், அப்போது எல்கேஜி. அந்த இடத்தில் எங்கள் குலசாமி பேரை எழுத வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அடுத்தவர் வண்டியில் பிள்ளை பேரைச் சுரண்டவா முடியும்? விட்டுவிட்டேன். சீக்கிரத்திலேயே டாக்ஸி ஸ்டாண்டில் எனக்குப் பெயர் 'ஹர்ஷினி அப்பா' என்று ஆகிவிட்டது. பெண் தேடுகிற வயசில் இது எவ்வளவு இடைஞ்சல் என்று உங்களில் சிலருக்காவது புரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறிய ஒரு டீச்சரம்மா, "ஹர்ஷினி என்ன படிக்கிறா?" என்று கேட்டார். எனக்கு யாரையும் மறுத்துப் பேச வராது. எல்கேஜி என்றேன். நல்லாச் சாப்பிடுவாளா என்றார். சுமாராகத்தான் என்றேன். இறங்கும்போது கைப்பையிலிருந்து ஒரு பால்கோவா பாக்கெட்டை எடுத்து, "பிள்ளைக்கு" என்று கொடுத்துவிட்டார். நேரே கொண்டுபோய் உரியவளிடம் சேர்த்தேன். அவள் வாசலில் நின்று தின்றுகொண்டே வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். அப்போதுதான் எழுத்துக்கூட்டப் பழகியிருந்தாள். ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் படித்தாள், மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகு இடுப்பில் கை வைத்து என்னைக் கேட்டாள்:

"மாமா, உங்க கார்ல எதுக்கு எம்பேரை எழுதிருக்கீங்க?"

அய்யனார் கோவில் ரோடு

ஞாயிறு காலையில் அக்காவும் நானும் அய்யனார் கோவில் ரோட்டுக்குப் போவோம். இரண்டு பக்கமும் தோப்பு, எதிரே மலை, ஆள் நடமாட்டம் குறைவு. வீட்டில் தையல் மிஷின் மிதித்துப் பழகிய கால் என்பதால் கிளட்ச் அக்காவுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. கியர் மாற்றுவதும் வந்துவிட்டது. வராதது ஒன்றுதான், யாரையும் முந்திப் போக மனசு வராது. ஆடு வந்தால் நிறுத்துவார். பால்காரர் சைக்கிளில் வந்தால் நிறுத்துவார். நடுரோட்டில் ஒரு நாய் படுத்திருந்தது. அதற்கும் நிறுத்தி இஞ்சினை அணைத்துவிட்டார். ஹாரன் அடிங்கக்கா என்றேன். "தூங்குதே" என்றார்.

அதற்குள் பின்னால் தேங்காய் ஏற்றிய டெம்போ ஒன்று வந்து அலற ஆரம்பித்தது. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அக்கா அசையவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, விருந்தாளியை வீட்டுக்குள் அழைப்பது போல டெம்போவைப் போகச் சொன்னார். அது போனது. நாயும் எழுந்து போனது. நான் மூச்சு விட்டேன். அக்கா சாவியைத் திருகிக்கொண்டே சொன்னார்:

"எல்லாரும் போயிரட்டும் தம்பி. பொறவு ரோடு பூரா நமக்குத்தான்."

தேவதானம் சவாரி

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து தேவதானத்துக்கு ஒரு பிரசவ சவாரி. மில்லில் வேலை பார்க்கிற பையன், என் வயசுதான் இருக்கும், அவன் மனைவி, துணியில் சுற்றிய ஒரு பெண் குழந்தை. ஏறும்போதே அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, மெதுவாப் போங்க. தலை இன்னும் நிக்கல." எனக்கு அது போதும். குழந்தை விழித்தால் நிறுத்தினேன், தூங்கினால் கிளம்பினேன். பள்ளம் தெரிந்தால் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து ஓட்டினேன். மாட்டு வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது.

சேத்தூர் நெருங்கும்போது அவன் மனைவி முதல் தடவையாகச் சிரித்தாள். கண்ணாடியில் பார்த்தேன். அவன் குழந்தையின் முகத்துக்கு வெயில் படாமல் உள்ளங்கையை விரித்துப் பிடித்திருந்தான். அந்த நேரத்தில் அது லீசு வண்டி என்று எனக்கு ஞாபகமே இல்லை. இன்னும் மெதுவாக்கினேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவனே சொன்னான்:

"அண்ணே, இதே வேகத்துல போனா வீடு வாரதுக்குள்ள பிள்ளை நடந்திரும்."

ஸ்டாண்டில் கிடைத்த யோசனை

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். வருஷம் முடிந்ததும் இந்த வண்டியையே வாங்கிவிடுவது. வேறு வண்டி எதுவும் வேண்டாம். கையில் கொஞ்சம் சேர்க்கவும் ஆரம்பித்தேன். இதை முதலில் சொன்னது ஸ்டாண்டில் மூத்தவரான சுப்புராசு அண்ணனிடம். அவர் கேட்டுக்கொண்டே பல் குத்தினார். "அந்தப் பிள்ளை எப்படி ஓட்டுது?" என்று அக்காவைப் பற்றிக் கேட்டார். நல்லா ஓட்டுறாங்க, லைசென்ஸே வாங்கிட்டாங்க என்று பெருமையாகச் சொன்னேன். அண்ணன் அருகிலிருந்த எல்லாரையும் கூப்பிட்டு அதை இன்னொரு தடவை சொல்ல வைத்தார். சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு விளங்கவில்லை. நல்லா ஓட்டத் தெரிந்த பிறகு அக்கா எதற்கு வண்டியை விற்கப் போகிறார் என்று அண்ணன் கேட்ட பிறகுதான் விளங்கியது. சத்தியமாக அதுவரை எனக்கு அது தோன்றவில்லை. என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போய், என்னென்ன சொல்லிக் கொடுத்தாய் என்று விசாரித்தார். ரிவர்ஸ் மட்டும் பாக்கி, லைசென்ஸ் டெஸ்டில் அதை யாரும் போடச் சொல்லவில்லை என்றேன். உடனே அவருக்கு முகம் தெளிந்தது.

"அப்ப அத மட்டும் சொல்லிக் குடுக்காதலே. முன்னால மட்டும் போகத் தெரிஞ்சவுக எம்புட்டுத் தூரம் போயிருவாக?"

மாங்காய் லாரி

அடுத்த ஞாயிறே அதற்குப் பரீட்சை வந்தது. அக்கா ஓட்ட, வாய்க்கால் பாலத்தில் பாதி தூரம் போயிருந்தோம். எதிரே தோப்பிலிருந்து மாங்காய் ஏற்றிய லாரி. பாலத்தில் ஒரு வண்டிக்குத்தான் இடம். யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும், லாரி போகாது. நான் இறங்கி இடம் மாறி உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அக்கா ஏற்கெனவே கியர் மேல் கையை வைத்துக்கொண்டு, "இதை எங்கிட்டுத் தள்ளணும் தம்பி?" என்று என் முகத்தைப் பார்த்தார். அப்படிக் கேட்கிறவரிடம் எதை ஒளிக்க? சொன்னேன்.

வண்டி பின்னால் போனது, நேராகப் போகவில்லை. ஒரு தடவை கைப்பிடிச் சுவரை நோக்கிப் போனது, ஒரு தடவை வாய்க்காலை நோக்கிப் போனது. நிறுத்தினார், திரும்பிப் பார்த்தார், மறுபடியும் நகர்த்தினார். சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். என் சட்டையும் நனைந்திருந்தது. லாரிக்காரர் இஞ்சினையே அணைத்துவிட்டார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஜன்னலில் முழங்கையை ஊன்றிக் கத்தினார்:

"பதறாமப் போ தாயி. எம் மாங்கா பழுக்க இன்னும் நாளு கெடக்கு."

என்னிடம் கேட்டது

வருஷம் முடிந்தது. கடன் தருகிற ஆளிடம் பேசி வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா முந்திக்கொண்டார். கம்பெனியில் கூட வேலை பார்க்கிற பெண்களுக்குக் காலைப் பஸ் சரியாகக் கிடைப்பதில்லையாம். நீ ஓட்டினால் நாங்கள் எல்லாரும் சேர்ந்து உன் வண்டியிலேயே வருகிறோம் என்று அக்காவிடம் சொல்கிறார்களாம். மற்ற நேரத்தில் ஸ்டாண்டில் போட்டுச் சவாரி போனால், துணி மடிக்கிற வேலையையே விட்டுவிடலாம். மஸ்கட்டிலிருந்து அவர் வீட்டுக்காரர், அதெல்லாம் உனக்கு ஒத்துவராது, அந்தத் தம்பிக்கே விற்றுவிடு என்றாராம். "அவரு சொல்றதும் சரிதான். அடுத்தவுக உசுரு" என்றார் அக்கா. "சொல்லிக் குடுத்தவன் நீ. உன்னையத்தான் கேக்கணும். ஆளுகளை ஏத்திக்கிட்டு நான் ஓட்டலாமா? வேணாம்னா வேணாம்னு சொல்லு தம்பி, வண்டி ஒனக்குத்தான்."

இன்னும் கொஞ்சம் பழகணும்க்கா என்று சொன்னால் போதும். யாரும் தப்புச் சொல்லமாட்டார்கள். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் முந்தின வாரம் அக்கா ஓட்டும்போது, பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு சைக்கிள்காரர் கை காட்டாமல் குறுக்கே திரும்பினார். நான் பார்ப்பதற்கு முன்னாலேயே அக்காவின் கால் பிரேக்கில் இருந்தது. அதைப் பார்த்த பிறகு என்ன சொல்ல? "தாராளமா ஓட்டலாம்க்கா. நான் ஏறுவேன்" என்றேன். சாவியை முக்காலி மேல் வைத்தேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அதை எடுத்தார்.

நடந்து போகிறேன் என்றேன். விடவில்லை. பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். ஒரு வருஷத்தில் நான் அந்தச் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. இடது பக்கம் ஒரு கம்பி முதுகில் குத்துகிறது, ஒரு சவாரியும் என்னிடம் அதைச் சொன்னதில்லை. எங்கள் தெருவில் திரும்பும்போது கையும் காலும் என்னை அறியாமல் ஓட்டிக்கொண்டே வந்தன. வீட்டு வாசலில் அப்பா நின்று, ஓட்டுகிறவரையும் பின்னால் இருக்கிறவனையும் மாறி மாறிப் பார்த்தார். நான் இறங்கினேன். கதவில் கை வைத்தபோது அக்கா திரும்பாமல், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மெதுவாச் சாத்து தம்பி, நம்ம வண்டி."

லீசா சொந்தமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பிறகு கடன் போட்டு வாங்கியதில் எனக்கு ஒரு பழைய கார் கிடைத்தது, லீசுக்கு எடுத்ததில் ஸ்டாண்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்று சவாரியைத் தட்டிக்கொண்டு போகிற ஒரு அக்கா கிடைத்தார்.